கோர்வை தெரியாத பேஸ்

படுக்கையறைப் பாட்டுக்கு ஒரு சப்வூஃபர் சேர்ப்பது பற்றித் தேவிகாபுரத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில் மொத்தமாக. பட்டு நெய்கிறவர்களுக்குக் கையும் காதும் கூர்மை என்பதற்கு இந்தக் கேள்விகளே சாட்சி.

பகல் முழுக்கத் தறிக்குழியில் கால். ராத்திரி படுக்கப்போகும் முன் அரைமணி நேரம் பாட்டு. ஒரு மினி ஆம்ப், நாலு அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். குரல் தேனாக இருக்கிறது, பேஸ் மட்டும் இல்லை. கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. என்ன வாங்கலாம்?
– நெசவாளர், தேவிகாபுரம்

முதலில் காசில்லாத வைத்தியம். இரண்டு ஸ்பீக்கரையும் பின்சுவருக்கு ஒரு சாண் தூரத்துக்குத் தள்ளி வைத்துக் கேளுங்கள். சுவர் கொஞ்சம் பேஸைத் திருப்பித் தரும். அதுவே போதும் என்று தோன்றினால் 8,000 ரூபாயும் மிச்சம்.

போதாது என்றால் 8 அங்குல ஆக்டிவ் சப்வூஃபர் தேடுங்கள். ஆக்டிவ் என்றால் பெட்டிக்குள்ளேயே ஆம்ப் இருக்கும். கரண்ட் வயர் தனியாக வரும். ஏன் 8 அங்குலம்? ஒலி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்துக்குக் கூம்பு 4 மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஓட வேண்டும். நாலு அங்குலக் கூம்பால் அந்த ஓட்டம் ஓட முடியாது. 8 அங்குலக் கூம்புக்குப் பரப்பு 4 மடங்கு. அதனால் கால்வாசி ஓடினால் போதும். பேஸ் என்பது தள்ளப்படும் காற்றின் அளவு. வேறு ரகசியம் எதுவும் இல்லை.

உங்கள் தொகைக்குப் புதிதை விடப் பழையதில் நல்ல பெட்டி அமைய வாய்ப்பு அதிகம். வாங்கும்போது மூன்று சோதனை. கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் நாளாக நாளாக உதிரும், ரப்பர் நீடிக்கும். இரண்டு கை விரல்களாலும் கூம்பை மெதுவாக, சமமாக அமுக்குங்கள். உரசும் சத்தம் வந்தால் உள்ளே காயில் தேய்கிறது, விட்டுவிடுங்கள். பாட்டே போடாமல் வால்யூமை ஏற்றிப் பாருங்கள். ‘ம்ம்ம்’ என்று பெரிதாக இரைந்தால் அடுத்த பெட்டிக்குப் போங்கள்.

பழைய ஹோம் தியேட்டர் செட்டிலிருந்து கழற்றிய சப்வூஃபர் சல்லிசாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– மாணவர், சேத்துப்பட்டு

பின்பக்கம் பாருங்கள். கரண்ட் வயர் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் அது வெறும் ஸ்பீக்கர் பெட்டி. அதற்குத் தனி ஆம்பும், பேஸை மட்டும் பிரித்துக் கொடுக்கும் ஃபில்டர் போர்டும் தேவை. இரண்டையும் வாங்கிச் சேர்த்தால் சல்லிசு சல்லிசாக இருக்காது.

அட்டைப்பெட்டியில் 5,000 வாட் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?
– கடைவீதி வாசகர், ஆரணி

பி.எம்.பி.ஓ. என்று பக்கத்தில் இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதை அளக்கப் பொதுவான முறையே கிடையாது. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். படுக்கையறைக்கு நேர்மையான 50 வாட் தாராளம். வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் 10 மடங்கு வாட் வேண்டும்.

சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது? என் அறை 12 அடிக்கு 10 அடி.
– பட்டு வியாபாரி, தேவிகாபுரம்

மூலை என்று ஏன் முடிவே செய்துவிட்டீர்கள்? தரையும் இரண்டு சுவரும் சேரும் இடம் பேஸைப் பெருக்கும், உண்மை. ஆனால் எல்லா ஸ்வரத்தையும் ஒரே அளவில் பெருக்காது.

ஒலி நம் ஊர் வெப்பத்தில் நொடிக்கு ஏறக்குறைய 346 மீட்டர் ஓடுகிறது. 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை 8.6 மீட்டர், அதாவது 28 அடி. உங்கள் அறையை விட அலை நீளம். சுவரில் மோதித் திரும்பி, தன்மேலேயே வந்து விழும். 12 அடி நீளத்துக்கு ஏறக்குறைய 47 ஹெர்ட்ஸ், 10 அடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ்: இந்த இரண்டு ஸ்வரமும் உங்கள் அறையில் தானாக வீங்கும். கூரையும் 10 அடி உயரமென்றால் 57 இன்னொரு மடங்கு வீங்கும். பேஸ் கிட்டார் இறங்கிவரும்போது ஒரு ஸ்வரம் மட்டும் ‘தும்’ என்று குதிக்கிறதே, குற்றவாளி பெட்டி இல்லை, அறை.

வேடிக்கை என்னவென்றால், அறையின் நட்டநடுவில் அந்த 47 ஹெர்ட்ஸ் அநேகமாகக் காணாமலே போகும். நடு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ‘பேஸ் இல்லை’ என்று புதுப் பெட்டி வாங்கப் போகிறவர்கள் உண்டு. நாற்காலியை மூன்றடி நகர்த்தினாலே வந்துவிடும்.

இடம் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம். நீங்கள் படுத்துக் கேட்கும் இடத்தில், கட்டில் மேலேயே சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். பேஸ் ஏறி இறங்கும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். பிறகு சுவரோரமாக மண்டியிட்டுத் தவழ்ந்து, காதைத் தரைக்குக் கிட்டே வைத்துக் கேட்டுக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் சமமாகக் கேட்கிறதோ, பெட்டியின் இடம் அதுதான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் தவழவிடுங்கள். அவர்கள் காது நம்முடையதை விடப் புதிது.

கிராஸ் ஓவர் குமிழை எங்கே வைப்பது? கடைக்காரர் ‘நடுவுல வெச்சுக்குங்க’ என்கிறார்.
– நெசவாளர், தேவிகாபுரம்

இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதற்குப் பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையை நினைத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. இரண்டு ஊடையும் சந்திக்கும் கோட்டில் நெய்கிறவர் கை தெரியும். இழை விட்டுப்போனால் இடைவெளி, ஏறி விழுந்தால் தடிப்பு. கிராஸ் ஓவர் அந்தக் கோர்வைதான். கீழே சப்வூஃபர் நெய்கிறது, மேலே ஸ்பீக்கர் நெய்கிறது. இரண்டும் ஒரு கோட்டில் சந்திக்க வேண்டும்.

குமிழை 50-இல் வைத்தீர்கள் என்று வையுங்கள். உங்கள் நாலு அங்குல ஸ்பீக்கர் 90 ஹெர்ட்ஸிலேயே களைத்து நின்றுவிடும். 50-க்கும் 90-க்கும் நடுவே யாருமே இல்லை. மிருதங்கத்தின் தொப்பியும் ஆண்குரலின் அடிப்பகுதியும் இருக்கும் இடம் வெறுமையாகும். 150-இல் வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் நெய்து தடிப்பு விழும். பாடுகிறவர் அண்டாவுக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். அது மட்டுமல்ல, சப்வூஃபர் எந்த மூலையில் இருக்கிறது என்றும் காட்டிக்கொடுத்துவிடும். ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது அறிவது கடினம். அதனால்தான் சினிமா ஒலித் தரத்திலும் 80 என்ற எண் நிலைத்தது.

உங்களுக்கு 80-இல் ஆரம்பித்து 100-க்குள் எங்காவது கோர்வை விழும். ஸ்பீக்கரின் பின்னால் துளை இருந்தால், அதில் ஒரு சுத்தமான துணியைச் சுருட்டிச் செருகிப் பாருங்கள். ஸ்பீக்கர் கீழே இறங்க முயல்வதை நிறுத்திக்கொள்ளும், கோடு சுத்தமாகும்.

கடைசியாக, 0 – 180 என்று ஒரு ஃபேஸ் சுவிட்ச் இருக்கும். 80 ஹெர்ட்ஸ் அலையில் பாதி, ஏறக்குறைய 7 அடி. ஸ்பீக்கரை விடச் சப்வூஃபர் அவ்வளவு தள்ளி இருந்தால் ஒன்று காற்றைத் தள்ளும் நேரத்தில் மற்றது இழுக்கும். சுவிட்சை இரண்டு பக்கமும் போட்டுப் பாருங்கள். கேட்கும் இடத்தில் எந்தப் பக்கம் பேஸ் நிறைவாக இருக்கிறதோ, அதிலேயே விடுங்கள்.

ஆம்பில் சப் அவுட் இல்லை. எப்படி வயர் இழுப்பது?
– எலக்ட்ரீஷியன், போளூர்

சப்வூஃபரின் பின்னால் ஸ்பீக்கர் இன் இருந்தால், ஆம்பின் ஸ்பீக்கர் முனையிலிருந்தே இன்னொரு ஜோடி வயர் கொண்டுபோகலாம். ஒரு எச்சரிக்கை: சின்ன டிஜிட்டல் ஆம்புகளில் இடது மைனஸும் வலது மைனஸும் ஒன்றல்ல. இரண்டையும் சேர்த்து முறுக்கினாலோ, எர்த்தில் சேர்த்தாலோ ஆம்ப் போய்விடும். சப்வூஃபர் அதை உள்ளே சேர்க்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே இணையுங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

போனிலிருந்து ஆக்ஸ் வயரை இரண்டாகப் பிரித்து ஆம்புக்கு ஒன்று, சப்வூஃபருக்கு ஒன்று கொடுப்பது இன்னொரு வழி. அப்போது வால்யூமைப் போனில் மட்டும்தான் ஏற்றி இறக்க வேண்டும். ஆம்பைத் தொட்டால் கோர்வை கலைந்துவிடும்.

ஸ்பீக்கருக்கு வயர், சப்வூஃபருக்கு ப்ளூடூத். சரியா?
– கல்லூரி மாணவி, ஆரணி

வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலி தாமதமாக வரும். தாளம் முன்னால் போக, அடி பின்னால் வரும். இரண்டுக்கும் வயர், அல்லது இரண்டும் ஒரே ஆம்பின் வழியாக.

சப்வூஃபர் போட்டதிலிருந்து ஓயாத இரைச்சல். பாட்டு நிறுத்தினாலும் ‘ம்ம்ம்’ நிற்கவில்லை.
– தறிப்பட்டறை வாசகர், தேவிகாபுரம்

நம் வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 முறை துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் சப்வூஃபரின் சொந்த வீடு. சின்ன ஸ்பீக்கரில் கேட்காத இரைச்சல் இதில் விருந்தாளியாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஆம்ப், சப்வூஃபர், போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே பலகையில் சொருகுங்கள். வேறு வேறு பிளக் பாயின்டிலிருந்து எடுத்தால் எர்த் ஒரு வளையமாகி இரையும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ஆடியோ வயரைக் கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். எர்த் பின்னை மட்டும் ஒடிக்காதீர்கள். இரைச்சல் நிற்கலாம், ஆனால் ஈரக்கையோடு பெட்டியைத் தொடும் பிள்ளைக்கு அதுதான் காவல்.

அறையில் முட்டை அட்டை ஒட்டினால் பேஸ் சுத்தமாகுமா?
– வாசகர், சேத்துப்பட்டு

ஆகாது. 50 ஹெர்ட்ஸ் அலையில் கால்பங்கே 5 அடிக்கு மேல். இரண்டு அங்குல அட்டை அதைத் தடுக்கப் பார்ப்பது, தேரை நூல் கட்டி நிறுத்துவது போல. கனமான இலவம் பஞ்சு மெத்தையும் திறந்த ஜன்னலும் அதை விட உதவும். ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஓட்டிடுக்கில் பேஸ் கொஞ்சம் வெளியே கசிந்துவிடுவதால், கான்கிரீட் அறையை விட வீக்கம் குறைவு.

நான் சத்தமாகவே பாட்டு வைப்பதில்லை. எனக்கு எதற்குச் சப்வூஃபர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, தேவிகாபுரம்

அம்மா, உங்களுக்குத்தான் அது மிகவும் தேவை. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மனிதக் காதை அளந்து ஒரு வரைபடம் போட்டார்கள். சத்தம் குறையக் குறையக் காது முதலில் கைவிடுவது பேஸை என்று அது காட்டியது. இன்றைய அளவீட்டின்படி, சாதாரணப் பேச்சு அளவில் ஒலிக்கும் 1,000 ஹெர்ட்ஸுக்கு இணையாக 40 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமானால், 30 டெசிபலுக்கும் மேல் கூடுதலாக வேண்டும்.

இரவில் மெதுவாகப் பாட்டு வைத்தால் அடித்தளம் கரைந்து, குரல் மட்டும் மிதக்கும். பழைய ஆம்புகளில் லவுட்னெஸ் பட்டன் வைத்ததே இதற்காகத்தான். சுவர் அதிர வைப்பதற்காகச் சப்வூஃபர் வாங்குகிறார்கள் என்பது பொதுவான நினைப்பு. பக்கத்தில் தூங்கும் பேரப்பிள்ளை விழிக்காதபடி முழுப் பாட்டையும் கேட்பதற்கு அது இன்னும் நன்றாக உதவும்.

கர்நாடக சங்கீதத்துக்குச் சப்வூஃபர் தேவையா? அதில் பேஸ் கிட்டாரே கிடையாதே!
– சங்கீத ரசிகர், போளூர்

பேஸ் கிட்டார் இல்லை, பேஸ் இருக்கிறது. மிருதங்கம் வாசிப்பவர் கச்சேரிக்கு முன் தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குக் கனம் கூடினால் அதிர்வு மெதுவாகி, ஒலி கீழே இறங்கும். சப்வூஃபர் செய்கிறவர் கூம்பைக் கனமாக்குவதும் இதே காரணத்துக்குத்தான். ரவையில் நம்மவர்கள் செய்ததை அவர்கள் அழுத்தமான காகிதக் கூழில் செய்கிறார்கள்.

மற்றொரு பக்கம், வலந்தலையில் ஒட்டிய கருப்புச் சாதம். சாதாரணத் தோலிலிருந்து இரைச்சலாக வரும் மேலதிர்வுகளை அது ஸ்வரமாக ஒழுங்குபடுத்துகிறது என்று சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாரோடு சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934-இல் விரிவாகத் திரும்ப எழுதினார். அந்த நாதமும் தொப்பியின் ‘கும்’மும் சேர்ந்து வந்தால்தான் மிருதங்கம். ஆண் சுருதித் தம்புராவின் மந்தர ஸட்ஜமும் 70 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. சின்ன ஸ்பீக்கரில் தம்புரா தேனீபோல் ரீங்கரிக்கும். கீழே தாங்கல் வந்த பிறகுதான் அது தம்புரா.

பெரியநாயகி அம்மன் கோயில் உற்சவத்தில் தவில் நெஞ்சில் அடிக்கிறது. வீட்டில் அது வருமா?
– இளைஞர், தேவிகாபுரம்

நெஞ்சில் அடிப்பது வராது, வரவும் வேண்டாம். வித்வான் பூவரசங் கழியால் தொப்பியை அறையும்போது பக்கத்தில் நிற்பவர் உடம்பே அதைக் கேட்கிறது. அந்த அளவுச் சத்தத்தைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்தால் காது பழுதாகும். ஆனால் கழியின் கனமும், கூடு மாட்டிய வலது விரல்களின் கூர்மையும் தனித்தனியாகத் தெரிவது வீட்டிலும் வரும். அது வந்தால் உங்கள் செட் தேறிவிட்டது.

போன் ஸ்பீக்கரிலேயே பேஸ் கேட்கிறதே, எப்படி?
– பள்ளி மாணவன், தேவிகாபுரம்

உன் மூளை போட்டுக்கொள்ளும் கணக்கு அது, தம்பி. 50 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தோடு 100, 150, 200 என்று அதன் பிள்ளைகளும் வரும். போனில் தகப்பன் வருவதில்லை, பிள்ளைகள் மட்டும் வருகிறார்கள். பிள்ளைகளின் முகச்சாடையைப் பார்த்துத் தகப்பனை மூளை யூகித்துக்கொள்கிறது. சப்வூஃபர் வந்தால் தகப்பனே நேரில் வருவார்.

எந்தப் பாட்டை வைத்துச் சோதிப்பது?
– நெசவாளர், ஆரணி

பேஸ் ஓயாமல் அடிக்கும் பாட்டு வேண்டாம், நடக்கும் பாட்டு வேண்டும். ‘மூடுபனி’ (1980), ‘ஹவ் டு நேம் இட்’ (1986) காலத்து இளையராஜாவைப் போடுங்கள். அந்த இசையில் பேஸ் கிட்டார் தாளத்துக்குத் துணை மட்டுமல்ல, இன்னொரு பாடகர். சசிதரன் போன்றவர்கள் அந்த ஸ்வரங்களை வாசித்தார்கள். ரஹ்மானுடன் கீத் பீட்டர்ஸ் வாசித்ததையும் கேளுங்கள். பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். உங்கள் பெட்டி அங்கே வரை இறங்கினால் போதும். ஒவ்வொரு ஸ்வரத்தையும் உங்களால் முணுமுணுக்க முடிந்தால் அமைப்பு சரி. ‘தும் தும்’ என்று ஒரே ஸ்வரமாகக் கேட்டால் பெட்டியை இடம் மாற்றுங்கள்.

பக்கத்து அறையில் தறி. அதிர்வில் பாவு அறுந்துவிடுமா?
– நெசவாளரின் மனைவி, தேவிகாபுரம்

ஒவ்வொரு ஊடைக்கும் பலகை வந்து அறைவதையே தாங்கும் பாவு, நீங்கள் மெதுவாக வைக்கும் பாட்டுக்கு அறாது. ஆனால் மேலே ஜக்கார்டு பெட்டியின் கம்பிகளும் அட்டைகளும் சில ஸ்வரங்களுக்குக் கூடவே கிணுகிணுக்கும். பீரோ கதவு, எவர்சில்வர் தூக்கு எல்லாம் அப்படித்தான். பெட்டிக்கு அடியில் கனமான ரப்பர் வையுங்கள். கிணுகிணுக்கும் பொருளுக்கும் சுவருக்கும் நடுவே மடித்த துணி செருகுங்கள்.

அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். சட்டப்படி எவ்வளவு சத்தம் வைக்கலாம்?
– வாசகர், ஆரணி

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. உங்கள் வீட்டு ஒலி, எல்லையில் இதை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது.

ஆனால் சட்டத்தின் அளவுகோலில் பேஸ் சரியாக விழாது. அந்த மீட்டர் 50 ஹெர்ட்ஸை 30 டெசிபல் குறைத்தே எண்ணும். சுவரோ கீழ் ஒலியைத்தான் தாராளமாக விடும். ஒலி ஒரு ஸ்தாயி இறங்கினால் சுவரின் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். உங்கள் அறையில் பாட்டு. அவருக்கு வார்த்தையும் இல்லாமல் ராகமும் இல்லாமல் இடி மட்டும். மீட்டர் உங்களை விடுவித்தாலும் அவர் தூக்கம் போனது போனதுதான். ஒருநாள் பாட்டை வைத்துவிட்டு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து கேளுங்கள். அவரும் பக்கத்தில் உட்காரட்டும். எந்த அளவு என்று இரண்டு பேருமே முடிவு செய்வீர்கள். ஒட்டுச் சுவர் வைத்த தெருவில் அதை விட நல்ல மீட்டர் இல்லை.

ஒன்றுக்கு இரண்டு சப்வூஃபர் வைத்தால்?
– வாசகர், போளூர்

சத்தத்துக்காக என்றால் வேண்டாம். எல்லா இடத்திலும் சமமாகக் கேட்க என்றால் உதவும். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைத்த இரண்டு சின்னப் பெட்டிகள், மூலையில் வைத்த ஒரு பெரிய பெட்டியை விட அறையின் வீக்கத்தை நன்றாக அடக்கும். முதலில் ஒன்றை ஒழுங்காக வையுங்கள். ஆறு மாதம் கேட்ட பிறகு மனம் தானே சொல்லும்.

எல்லாம் செய்துவிட்டேன். சப்வூஃபர் அளவு சரியாக இருக்கிறது என்று எப்படி உறுதி செய்வது?
– முதல் கேள்வி கேட்ட அதே நெசவாளர், தேவிகாபுரம்

வீட்டில் யாரிடமும் சொல்லாமல், பாட்டின் நடுவில் சப்வூஃபரை மட்டும் நிறுத்துங்கள்.

‘அப்பாடா’ என்றால், அளவு அதிகம். யாருமே கவனிக்கவில்லை என்றால், குறைவு. அடுப்படியிலிருந்து ‘ஏங்க, பாட்டு ஏன் மெலிஞ்சுபோச்சு?’ என்று கேள்வி வந்தால், குமிழை இனி யாரும் தொட வேண்டாம்.